எட்டா, அகரமா?

கம்பரும் ஔவையாரும் மோதிக்கொண்ட கதை பள்ளிக்கூடத்திலேயே பலருக்கும் அறிமுகம். ஆரைக்கீரையை விடையாக வைத்துக் கம்பர் ஒரு விடுகதை போடுகிறார். அதில் ஔவையை 'அடி' போட்டு விளித்துவிடுகிறார். கிழவி விடுவாளா? விடையையும் சொல்லி, பதிலுக்கு ஒரு வசைப்பாட்டும் பாடுகிறாள். அந்தத் தனிப்பாடல் எட்டையும் கால்வாசியையும் சேர்த்து, அதனோடு லட்சணத்தை ஒட்டி ஆரம்பிக்கிறது. பழைய தமிழ்க் கணக்கில் எட்டின் குறி 'அ', காலின் குறி 'வ'. இரண்டும் சேர்ந்தால் 'அவ'. மீதியை வாசகரே முடித்துக்கொள்ளலாம்.

இருவரும் ஒரே காலத்தவரா, இந்தச் சண்டை நடந்ததா என்பதையெல்லாம் இலக்கிய வரலாற்றுக்காரர்களிடம் விட்டுவிடுவோம். எனக்குப் பிடித்தது அந்த வசையின் இயந்திர நுட்பம். எட்டும் அகரமும் ஒரே வடிவம் என்பது பாடுபவருக்கும் கேட்பவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். அதே சமயம் ஒன்று எண், மற்றது எழுத்து என்பதும் தெரிந்திருக்க வேண்டும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் வசை விழாது.

தமிழ் எண்களில் அநேகமாக எல்லாமே இப்படி எழுத்துகளின் முகத்தோடுதான் இருக்கின்றன. ஒன்றுக்கு க, இரண்டுக்கு உ, மூன்றுக்கு ங, நான்குக்கு ச, ஏழுக்கு எ, பத்துக்கு ய, நூறுக்கு ள. இதில் உகரத்தின் பாடு இன்னும் சுவாரசியம். சொல்லின் நடுவில் வந்தால் அது எழுத்து. கணக்கு வரிசையில் வந்தால் இரண்டு. கல்யாணப் பத்திரிகையின் உச்சியிலும் மளிகைச் சிட்டையின் தலையிலும் தனியாக நின்றால் பிள்ளையார் சுழி. மூன்றையும் யாரும் குழப்பிக்கொள்வதில்லை. மளிகைக் கடைக்காரர் சிட்டையின் முதல் வரியைப் பார்த்து "எதில் இரண்டு வேண்டும்?" என்று கேட்டதாகத் தகவல் இல்லை.

இதே விஷயத்தைக் கணினியில் பார்க்கலாம். எட்டு என்ற எண்ணைத் தமிழ்க் குறியில் தட்டினால் திரையில் ௮ தெரியும். அகரத்தைத் தட்டினால் அ தெரியும். பல எழுத்துருக்களில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலும் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம். கணினிக்கு அந்தக் கஷ்டமே இல்லை. யூனிகோடு என்ற உலகப் பொது அட்டவணையில் அகரத்தின் எண் 2949, எட்டின் எண் 3054. ஒரு கோப்பில் அகரத்தைத் தேடினால் எட்டு அகப்படாது. எட்டைத் தேடினால் அகரம் அகப்படாது. கணினியைப் பொறுத்தவரை இவை ஒன்றுக்கொன்று சொந்தமும் இல்லை, பந்தமும் இல்லை.

கணினிக்குள் எழுத்து என்று எதுவும் கிடையாது. எண்கள்தான் உண்டு. க-வுக்கு 2965, ஆங்கிலச் சின்ன ஏ-வுக்கு 97, ரூபாய்க் குறிக்கு 8377. இந்த எண்கள் ரேஷன் கடை டோக்கன் போன்றவை. டோக்கன் எண்ணைப் பார்த்து ஆளின் உயரத்தையும் குணத்தையும் சொல்ல முடியாது. எண்ணைக் கூப்பிட்டால் ஓர் ஆள் வருவார், அவ்வளவுதான். பெல் ஆய்வகத்தில் வேலை பார்த்த கிளாட் ஷானன் 1948-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையின் தொடக்கத்திலேயே இதை வெட்டொன்று துண்டு இரண்டாகச் சொல்லிவிட்டார்: செய்திக்குப் பொருள் இருக்கலாம், ஆனால் அதை அனுப்பும் பொறியியலுக்கு அந்தப் பொருளால் ஆகவேண்டியது ஒன்றும் இல்லை. அனுப்பிய குறி எதுவோ அதே குறி மறுமுனையில் வந்ததா என்பதுதான் பிரச்சினை. இன்றைய தொலைத்தொடர்பு முழுக்க அந்தத் துறவின் மேல் கட்டப்பட்டதுதான்.

ஆனால் பொருளை வாசலிலேயே நிறுத்தினாலும் அது ஒரு பக்கவழியாக உள்ளே வந்துவிடுகிறது. அந்த வழி ஒரு சாதாரணக் கேள்வி: இந்த இரண்டு குறிகளும் ஒன்றுதானா, வேறா? இதற்குப் பதில் சொல்லாமல் யாராலும் ஓர் அட்டவணை போட முடியாது. அந்தப் பதிலை வடிவத்தைப் பார்த்தும் சொல்ல முடியாது, அகரமும் எட்டும் அதற்குச் சாட்சி. குறி எதற்குப் பயன்படுகிறது என்று பார்த்துத்தான் சொல்லமுடியும்.

ஓலைச்சுவடிக் காலத்தில் இந்தக் கேள்வியை எழுதுபவர் படிப்பவர் தலையில் கட்டிவிடுவார். ஓலையில் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்பதால் மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி இருக்காது. எகர ஏகாரத்துக்கும் ஒகர ஓகாரத்துக்கும் இன்று உள்ளதுபோல் தனித்தனிக் கொம்பு கிடையாது. அந்த வேறுபாட்டைத் தெளிவாக்கிய பெருமை 18-ஆம் நூற்றாண்டின் வீரமாமுனிவருக்குத் தரப்படுகிறது. போதாக்குறைக்கு, நெடிலைக் காட்டும் காலும் ர என்ற எழுத்தும் ஒரே கோடு. இப்போது ஓலையில் ஒரு கொம்பு, ஒரு ப, ஒரு கால் என்று மூன்று கீறல்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அது பொ-வாக இருக்கலாம். போ-வாக இருக்கலாம். பெர, பேர, பெர், பேர் என்றும் இருக்கலாம். மூன்று கீறலுக்கு ஆறு வாசிப்பு. அடுத்த சொல், எதுகை, மோனை, சீர் எல்லாவற்றையும் பார்த்துத்தான் உ.வே. சாமிநாதையர் போன்றவர்கள் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்கள். 1887-இல் சீவக சிந்தாமணி அச்சில் வந்தது என்றால், அதன் ஒவ்வொரு வரியிலும் யாரோ ஒருவர் உட்கார்ந்து "இது காலா, ர-வா?" என்று தீர்ப்புச் சொல்லியிருக்கிறார் என்று அர்த்தம்.

கணினியில் அந்த வசதி இல்லை. விசையைத் தட்டும்போதே கால் என்றால் 3006, ர என்றால் 2992. தீர்ப்பு முன்கூட்டியே எழுதப்பட்டாக வேண்டும்.

தமிழ் கணினிக்கு வந்த முதல் சில வருடங்களில் அந்தத் தீர்ப்பை ஆளாளுக்கு எழுதினார்கள். அப்போது செய்த தந்திரம் எளியது. ஆங்கில எழுத்துகளுக்கான எண்களை அப்படியே வைத்துக்கொண்டு, எழுத்துருவில் மட்டும் படத்தை மாற்றிவிடுவது. இலங்கையிலும் புலம்பெயர்ந்த தமிழரிடையேயும் வெகுவாகப் பரவிய பாமினி எழுத்துருவில் 'அம்மா' என்று வரவேண்டுமானால் சின்ன எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று ஐந்து விசைகளைத் தட்ட வேண்டும். கணினி சேமித்து வைத்ததும் அந்த ஐந்தைத்தான். அதன் கணக்கில் அம்மா என்று ஒருத்தி பிறக்கவே இல்லை. பாமினி இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் எம்-கே-அரைப்புள்ளி-கே-எச் என்ற பிதற்றல்தான் மிஞ்சும். வேறு எழுத்துருவைப் போட்டால் வேறு ஒரு பிதற்றல். மின்னஞ்சலோடு எழுத்துருவையும் இணைத்து அனுப்பி, "இதை முதலில் நிறுவிக்கொள்ளவும்" என்று ஒரு வரி ஆங்கிலத்தில் எழுதிய காலம் அது. பொருள் முழுவதும் எழுத்துருவின் படத்தில் குடியிருந்தது. படம் போனால் பொருளும் போச்சு. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டுக்குப் பிறகு தமிழக அரசு டாம், டாப் என்ற இரண்டு குறியேற்றங்களையும் தமிழ்99 விசைப்பலகையையும் தரப்படுத்தியது. விசைப்பலகை நிலைத்தது. குறியேற்றங்கள் யூனிகோடு வெள்ளத்தில் கரைந்தன.

யூனிகோடு 1991-இல் வெளியான முதல் பதிப்பிலேயே தமிழைச் சேர்த்துக்கொண்டது. இந்திய அரசின் இஸ்கி தரத்தை அடியொற்றி, எல்லா இந்திய மொழிகளுக்கும் ஒரே அச்சில் 128 இடம் கொண்ட கட்டம். 247 எழுத்து கொண்ட மொழிக்கு 128 இடமா என்று அன்று கிளம்பிய கோபம் இன்றும் முழுதாக அடங்கவில்லை. அந்த 128-இலும் இன்றுவரை நிரம்பியது 72 தான். கி என்பதற்குத் தனி எண் கிடையாது. க-வும் இகரக் கொக்கியும் என்று இரண்டு எண்கள். நமக்கு ஓர் எழுத்து, அதற்கு இரண்டு குறி. இதை அநியாயம் என்பவர்கள் உண்டு. எனக்கு இது சிக்கனமாகத்தான் படுகிறது. ஆனால் தமிழ் எழுத்தை எண்ணச் சொன்னால் பல மென்பொருள்கள் இன்றும் தப்பாக எண்ணுகின்றன என்பதையும் மறுப்பதற்கில்லை.

'ஒன்றா வேறா' என்ற கேள்விக்கு யூனிகோடு தமிழில் மூன்று விதமாகப் பதில் சொல்லியிருக்கிறது. முதல் விதத்தைப் பார்த்துவிட்டோம்: வடிவம் ஒன்று, எண் இரண்டு. அகரமும் எட்டும்.

இரண்டாவது இதற்கு நேர் தலைகீழ். 1978 வரை அச்சில் லை, ளை, ணை, னை எழுத்துகளுக்குத் தும்பிக்கை உண்டு. ணா, றா, னா எழுத்துகள் காலில்லாமல் சுழித்துக்கொண்டு நிற்கும். பெரியார் 1935-இலிருந்து தம் ஏடுகளில் பயன்படுத்திவந்த சீர்மையின் ஒரு பகுதியை எம்.ஜி.ஆர். அரசு 1978-இல் ஏற்று ஆணையிட்ட பிறகுதான் 13 எழுத்துகள் இன்றைய உருவத்துக்கு வந்தன. பழைய பத்திரிகை ஒன்றையும் புதிய பத்திரிகை ஒன்றையும் ஒரு குழந்தையிடம் காட்டினால் இரண்டு லை-யும் வேறு வேறு எழுத்து என்றுதான் சொல்லும். யூனிகோடு, இல்லை, ஒன்றுதான் என்றது. இரண்டுக்கும் அதே 2994, 3016. தும்பிக்கை வேண்டுமானால் எழுத்துருக்காரர் பார்த்துக்கொள்ளட்டும். படத்துக்கும் பொருளுக்கும் இடையே கத்தி வைத்து அறுத்தது போன்ற முடிவு. பாமினி காலத்துக் குழப்பத்துக்குச் சரியான மருந்தும் அதுதான்.

மூன்றாவது, சம்பந்தி மரியாதை போல ஒரு சமரசம். கொ என்பதை 2965, 3018 என்று இரண்டு எண்களில் எழுதலாம். க, கொம்பு, கால் என்று 2965, 3014, 3006 ஆகவும் எழுதலாம். இரண்டும் திரையில் இம்மியும் பிசகாமல் ஒன்றுபோல் தெரியும். இரண்டையும் அட்டவணை அனுமதிக்கிறது, கூடவே 'இவை சமம்' என்று ஒரு விதியையும் எழுதி வைத்திருக்கிறது. ஒப்பிடுவதற்கு முன்பு இரண்டையும் ஒரே உருவத்துக்குக் கொண்டுவந்து விடுங்கள் என்பது மென்பொருள் எழுதுபவர்களுக்கு இடப்பட்ட கட்டளை. அதைக் கேட்காதவர்களின் தளங்களில்தான் சரியான கடவுச்சொல்லையே தவறு என்று சொல்லும் விநோதங்கள் நடக்கக்கூடும்.

இத்தனை கவனமாகப் போட்ட அட்டவணையில் ஓட்டை விழுந்த இடம் ஔவையாரின் பெயர்.

ஔ என்ற எழுத்துக்கு எண் 2964. அதன் தோளில் உட்கார்ந்திருக்கும் சிறு உருவம் ள போல இருந்தாலும் அது ள இல்லை, ஔகாரத்தின் நெடிற்குறி. அதற்கென்று 3031 என்ற தனி எண்ணே உண்டு. ஆனால் தட்டச்சுப் பொறியில் ஒ-வையும் ள-வையும் அடுத்தடுத்து அடித்துப் பழகிய கைகளுக்கு இந்த நுட்பமெல்லாம் எதற்கு? விளைவாக இணையத்தில் ஔவையாரும் இருக்கிறார், ஒ-வும் ள-வும் சேர்ந்த ஒளவையாரும் இருக்கிறார். கண்ணுக்கு இருவரும் ஒருவரே. எண்களில் முதலாமவர் ஏழு குறி, இரண்டாமவர் எட்டுக் குறி. இணையத்தில் வழக்கமான சேமிப்பு முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைட் ஆகும். எனவே 21 பைட் ஔவை ஒருவர், 24 பைட் ஔவை ஒருவர். ஒருவரைத் தேடினால் மற்றவர் வராத தேடுபெட்டிகள் எத்தனையோ. கௌரி என்று பெயர் வைத்தவர்களுக்கும் இதே கதி. கௌரியை க, கொம்பு, ள, ரி என்று தட்டிவிட்டால் கணினி அதைக் கெ-ள-ரி என்றுதான் படிக்கும். திரைவாசிப்பான் வைத்துக் கேட்கும் பார்வையற்ற வாசகருக்கு அந்தப் பெண் 'கெளரி'யாகவே காதில் விழுவாள்.

கொ-வுக்குச் சமவிதி எழுதியவர்கள் இதற்கும் ஒன்று எழுதித் தொலைக்கக்கூடாதா என்று கேட்கலாம். எழுத முடியாது. ஒ-வை அடுத்து ள வந்தாலே ஔ என்று விதி செய்தால் முதலில் பறிபோவது ஒளி. அதன் முதல் இரண்டு குறிகளும் ஔ ஆகி, இகரக் கொக்கி அநாதையாகத் தொங்கும். கொம்பை அடுத்து ள வந்தால் ஔகாரம் என்றால் வெள்ளம், தெளிவு, கெளுத்தி மீன் எல்லாம் பாழ். எந்த ள நெடிற்குறி, எந்த ள எழுத்து என்று தெரிய வேண்டுமானால் சொல்லைத் தெரிந்திருக்க வேண்டும். அட்டவணைக்குச் சொல் தெரியாது. ஓலைச்சுவடியின் கால்-ர சிக்கல் மூன்று நூற்றாண்டு தாண்டி, ள-வின் வேஷத்தில் திரும்ப வந்திருக்கிறது. இது போதாதென்று அவ்வையார் என்ற மூன்றாவது எழுத்துக்கோவையும் புழக்கத்தில் உண்டு. அவ், ஔ இரண்டும் போலி என்று இலக்கணமே ஒப்புக்கொண்டதால் அதையும் தள்ள முடியாது.

அந்த வசைப்பாட்டின் இன்னொரு பாதியான காலுக்கு வெகுநாள் இடமே கிடைக்கவில்லை. 2003-இல் நாள், மாதம், வருடம், பற்று, வரவு, மேற்படி, ரூபாய், எண் என்ற எட்டுக் கணக்குப்பிள்ளைக் குறிகள் யூனிகோடுக்குள் வந்தன. தமிழ்ப் பூச்சியம் 2005-இல் வந்தது. பழங்கணக்கில் பூச்சியம் இல்லாமலேயே பத்துக்கும் நூறுக்கும் ஆயிரத்துக்கும் தனிக் குறி வைத்துக் காலம் தள்ளியவர்கள் நாம் என்பதால் அதற்கு அவசரமும் இல்லை. 2019-இல்தான் முந்திரி, காணி, மா, கால், அரை, முக்கால் போன்ற பின்னங்களும் நெல்லளவு, நிலக்கணக்குக் குறிகளும் சேர்த்து 51 குறிகள் ஒரு துணைக்கட்டத்தில் ஏறின. காலின் எண் 73680. வ-வின் எண் 2997. ஆகவே இன்றைய முறைப்படி எட்டேகாலைத் தட்டினால் கணினிக்குள் போவது 3054, 73680. 'அவ' என்று தட்டினால் போவது 2949, 2997. சிலேடை முழுதாகச் செத்துவிட்டது. பழைய பத்திரங்களை எண்ணாகவே தேட வேண்டிய ஆராய்ச்சியாளருக்கு இது வரப்பிரசாதம் என்பதால் நான் அழமாட்டேன்.

2003-இல் ஏறிய அந்த எட்டுக் கணக்குப்பிள்ளைக் குறிகளில் ஒன்றான ரூபாய்க் குறியைப் பற்றி ஒரு வார்த்தை. இந்திய அரசு 2010 ஜூலையில் ₹ குறியை ஏற்றது. தேவநாகரி ர-வையும் ஆங்கில ஆரையும் கலந்த அந்த வடிவத்தை வரைந்தவர் உதயகுமார் தர்மலிங்கம் என்ற தமிழர். 2025 மார்ச்சில் தமிழக அரசு தன் பட்ஜெட் இலச்சினையில் அதற்குப் பதிலாக 'ரூ' போட்டது. தொலைக்காட்சிகளுக்கு ஒரு வாரம் தீனி கிடைத்தது. தேசத்தின் குறி என்றது ஒரு தரப்பு, எங்கள் மொழியின் எழுத்து என்றது இன்னொரு தரப்பு. தமிழ்க் கணக்கேடுகளின் சொந்த ரூபாய்க் குறியான ௹ அதற்கு 22 வருடம் முன்பே யூனிகோடில் ஏறி, கேட்பாரற்றுக் கிடந்ததை அந்த அமளியில் சீந்தியவர்கள் குறைவு. குறிக்கு எண் கொடுப்பது சுலபம், ஆள் சேர்ப்பது கஷ்டம். மொரிஷியஸில் நிலைமை வேறு. அங்கே ரூபாய்த் தாளில் தமிழ் எழுத்தும் தமிழ் எண்ணும் இன்றும் உயிரோடு இருக்கின்றன. 1998-இல் வந்த புதிய தாள்களில் தமிழ் வரியை இந்திக்குக் கீழே இறக்கிவிட்டார்கள் என்று அங்குள்ள தமிழர்கள் கொதித்தெழ, அந்தத் தாள்களையே திரும்பப் பெற்று மறுவருடம் வேறு அச்சடித்தார்கள். எழுத்தும் மாறவில்லை, தொகையும் மாறவில்லை. எது மேலே, எது கீழே என்பது மட்டும்தான் மாறியது. எந்த அட்டவணையிலும் அடங்காத பொருள் இது.

வடிவம் ஒன்று, எண் வேறு என்ற நிலையைத் திருடர்கள் கண்டுகொள்ளாமல் விடுவார்களா? ரஷ்ய மொழி எழுதும் சிரிலிக் வரிசையிலும் ஆங்கிலச் சின்ன ஏ-வைப் போலவே ஓர் எழுத்து உண்டு. இதன் எண் 97, அதன் எண் 1072. 2017-இல் ஓர் ஆய்வாளர் ஆப்பிள் நிறுவனத்தின் முகவரி போலவே தோன்றும் ஓர் இணைய முகவரியை முழுக்க சிரிலிக் எழுத்துகளில் பதிவுசெய்து, உலாவிகள் எவ்வளவு எளிதாக ஏமாறுகின்றன என்று காட்டினார். அதன் பிறகு குரோம் உலாவி இத்தகைய முகவரிகளை வேஷம் கலைத்துக் காட்ட ஆரம்பித்தது. இங்கே எண்களை நம்பிய கணினி ஏமாறவில்லை. வடிவத்தை நம்பிய மனிதர்தான் ஏமாந்தார்.

இப்போது வந்திருக்கும் மொழி மாதிரிகள் வேறு பாதையில் போகின்றன. உள்ளே போவது அதே எண்கள்தான். ஆனால் ஒரு சொல் எந்தெந்தச் சொற்களோடு கூட்டுச் சேர்கிறது என்று கோடிக்கணக்கான வாக்கியங்களில் கணக்கெடுத்து, கூட்டாளிகள் ஒன்றாக இருக்கும் சொற்களைப் பக்கத்துப் பக்கத்தில் வைக்கின்றன. 21 பைட் ஔவைக்கும் 24 பைட் ஔவைக்கும் அக்கம்பக்கம் ஒன்றுதான்: ஆத்திசூடி, கொன்றைவேந்தன், நெல்லிக்கனி, அதியமான். எனவே இருவரும் ஒருவர் என்று யாரும் விதி எழுதாமலே இயந்திரம் கிட்டத்தட்ட முடிவுக்கு வந்துவிட முடியும். சூழலைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் பழைய ஏட்டு வாசகரின் வழி இது. ஒரே வித்தியாசம், ஏட்டு வாசகர் 'இது ர தான்' என்பார். இயந்திரம் 'ர-வாக இருக்க வாய்ப்பு அதிகம்' என்று சொல்லும்.

கவிதைக்கும் தேடலுக்கும் அந்த 'வாய்ப்பு அதிகம்' போதும். ஆளை அடையாளம் காண்பதற்குப் போதாது. பெயர்களின் தகராறு இங்கேதான் தொடங்குகிறது.

தமிழர் பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பெயர், அதன் முன் ஓர் இனிஷியல். கே. முருகன் என்று தமிழில் எழுதியிருக்கிறது. அப்பா கேசவனா, கந்தசாமியா, குப்புசாமியா? அந்தக் 'கே' தமிழ் எழுத்து இல்லை. ஓர் ஆங்கில எழுத்தின் பெயரைத் தமிழில் எழுதியது. க, கா, கி, கு என்று எந்த எழுத்தில் அப்பா பெயர் தொடங்கினாலும் ஆங்கிலத்தில் அது கே. திரும்பத் தமிழுக்கு வரும்போது கே. எம்.ஜி.ஆர். என்ற மூன்றும் அப்படித்தான், தமிழ் வரிவடிவம் போட்ட ஆங்கில எழுத்துகள். நம் ஊரில் யாருக்கும் இதனால் தூக்கம் கெடுவதில்லை. முருகனின் அப்பா யார் என்று தெருவுக்கே தெரியும்.

தெருவைத் தாண்டினால்தான் வம்பு. படிவங்களை வடிவமைத்தவர்களுக்குப் பெயர் என்றால் இரண்டு துண்டு: ஆளின் பெயர், குடும்பப் பெயர். நமக்குக் குடும்பப் பெயர் பெரும்பாலும் கிடையாது. அதனால் பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டவர்கள் அமெரிக்க விசா வாங்கும்போது, இருக்கும் ஒரே பெயர் குடும்பப் பெயராக மாறிவிடுகிறது. ஆளின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்.என்.யூ. என்று மூன்று எழுத்து அச்சாகிறது. 'முதல் பெயர் தெரியவில்லை' என்பதன் சுருக்கம். அதிகாரி 'இங்கே ஒன்றும் இல்லை' என்று போட்ட குறியை அடுத்த கணினி ஒரு பெயராகவே எடுத்துக்கொள்கிறது. ஓட்டுநர் உரிமம், வங்கிக் கணக்கு, சம்பளச் சீட்டு எல்லாவற்றிலும் அது பின்தொடர்கிறது. அன்புள்ள எஃப்.என்.யூ. என்று தொடங்கும் கடிதங்கள் வீடு தேடி வருகின்றன. வெற்றிடத்துக்கு வைத்த குறி பெயராகிவிட்ட கதை இது. கொடுமை என்னவென்றால், கணினி இதில் ஒரு தப்பும் செய்யவில்லை. கட்டத்தில் எழுத்து இருந்தது, படித்தது.

அடையாள எண்களை வடிவமைப்பவர்கள் இந்தத் தலைவலியை நன்றாக அறிந்தவர்கள். அதில் இரண்டு கட்சிகள் உண்டு, இரண்டுமே நம் சட்டைப்பையில் இருக்கின்றன. வருமான வரித்துறையின் பான் எண் பேசக்கூடிய எண். அதன் நான்காவது எழுத்து நீங்கள் தனிமனிதரா நிறுவனமா என்று சொல்லும். ஐந்தாவது எழுத்து உங்கள் குடும்பப் பெயரின் முதல் எழுத்து. குடும்பப் பெயரே இல்லாத ஊரில் அந்த ஐந்தாவது எழுத்து சில சமயம் அப்பாவின் தலையெழுத்தாகவும் சில சமயம் சொந்தப் பெயரின் தலையெழுத்தாகவும் வந்து உட்காரும். கல்யாணத்துக்குப் பிறகு பெயர் மாறினாலும் எண் மாறாது. அப்போது அந்த எழுத்து சொல்லும் சேதி பழங்கதையாகிவிடும். ஆதார் இதற்கு நேரெதிர், திட்டமிட்ட ஊமை. 12 இலக்கத்தில் பிறந்த வருடம் இல்லை, மாநிலம் இல்லை, ஆணா பெண்ணா என்பதும் இல்லை. கடைசி இலக்கம் மட்டும் மற்ற 11 இலக்கங்களிலிருந்து கணக்கிட்டு வருவது. டச்சுக் கணிதவியலாளர் வெர்ஹூஃப் 1969-இல் தந்த அந்த முறையில் ஓர் இலக்கம் தப்பாகிப் போனாலோ பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினாலோ கட்டாயம் பிடிபடும். தன்னைத் தப்பாக எழுதினார்களா என்பதைத் தவிர வேறு எதையும் அந்த எண்ணால் சொல்ல முடியாது. தரவுத்தளக்காரர்கள் இரண்டாவது கட்சிதான் நல்லது என்பார்கள். நானும் அந்தப் பக்கம்தான். பொருள் தங்கிய குறி என்றைக்காவது பொய் சொல்லும். சென்னையின் விமான நிலையக் குறியில் எம் என்ற எழுத்து இன்றும் முன்னால் நிற்கிறது. 1996-இல் மெட்ராஸ் போனது அதற்குத் தெரியாது.

ஆனால் மனிதர்கள் ஊமை எண்களோடு குடும்பம் நடத்துவதில்லை. மதிப்பெண் சான்றிதழில் கே. முருகன், பாஸ்போர்ட்டில் முருகன் கந்தசாமி, பத்திரத்தில் க. முருகன், வங்கியில் இனிஷியல் பின்னால் போட்ட முருகன் கே. அதிலும் முருகனின் உகரத்துக்கு ஆங்கிலத்தில் ஓர் இடத்தில் யூ, இன்னோர் இடத்தில் ஓ. தெருவுக்கு ஓர் ஆள், கணினிக்கு நான்கு பேர். வெளிநாட்டு வேலையோ வாரிசுத் தகராறோ வந்தால் ஒழிய இந்த நால்வரும் நேரில் சந்திப்பதில்லை.

சந்திக்கும் நாளில் வேண்டியிருப்பது கொ-வுக்கு யூனிகோடு எழுதி வைத்ததைப் போன்ற ஒரு சமவிதி. அது முத்திரைத்தாளில், பிரமாணப் பத்திரமாக வருகிறது. மேற்கண்ட பெயர்கள் அனைத்தும் என் ஒருவனையே குறிக்கும் என்று முருகன் உறுதிமொழி தர, நோட்டரி வக்கீல் முகத்தையும் கையெழுத்தையும் பார்த்து, முத்திரை குத்திப் பதிவேட்டில் வரிசை எண் போடுகிறார். பெயரையே மாற்றுவதென்றால் எழுதுபொருள் அச்சுத் துறைக்குப் பணம் கட்டி அரசிதழில் வெளியிட வேண்டும். அந்தத் தாளை ஸ்கேன் செய்து தளத்தில் ஏற்றலாம் என்று போனால், முதல் திரையில் இரண்டு கட்டங்கள் காத்திருக்கின்றன: பெயர், குடும்பப் பெயர். இரண்டின் மேலும் சிவப்பு நட்சத்திரம், கட்டாயம் நிரப்ப வேண்டும்.